பதில் சொன்னது யார்?

“நெட் இருக்குண்ணா. ஆனா எதுவும் ஓப்பன் ஆகல.”

கேபிள், ஃபைபர் இணைப்பு கொடுப்பவர்கள் தினமும் கேட்கும் புகார் இது. கேட்பவருக்கு முரணாகத் தோன்றும். நெட் இருந்தால் பக்கம் திறக்க வேண்டும், திறக்கவில்லை என்றால் நெட் இல்லை என்றுதானே அர்த்தம்? ஆனால் சொல்கிறவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ரூட்டரில் பச்சை விளக்கு எரிகிறது. திரை மூலையில் வைஃபை சின்னம் முழுதாகத் தெரிகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வீடியோகூட நிற்காமல் ஓடுகிறது. புதிதாக ஒரு முகவரியைத் தட்டினால்தான் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அஞ்செட்டியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டு வழியே வரும் சாலை, சுற்றிலும் மலை, கொஞ்ச தூரத்தில் கர்நாடக எல்லை. அண்ணன் ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் இருப்பது அரசு கொடுத்த பழைய மடிக்கணினி.

வீடு கற்பனைதான், அந்த மடிக்கணினி கற்பனை இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ். பல வீடுகளில் அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை. ஆனால் வருடங்கள் போய் விண்டோஸ் நகரவே மறுத்தபோது, அதே கணினியில் உபுண்டுவோ மின்ட்டோ போட்டு ஓட்டியவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் சின்ன ஊர்களுக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று, இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

இந்த வீட்டில் சில வருடங்களாக அண்ணனின் போன் ஹாட்ஸ்பாட்தான் இணையம். பிறகு ஃபைபர் வந்தது. அதிலிருந்து ஒரு விசித்திரம்: அண்ணன் வீட்டில் இருந்து ஹாட்ஸ்பாட் போட்டால் மடிக்கணினியில் எல்லாம் திறக்கிறது. அவன் ஷிப்டுக்குப் போனதும், ஃபைபர் வைஃபையில் இணைத்தால் எதுவுமே திறப்பதில்லை. அதே ஃபைபரில் அம்மாவின் போன் நன்றாக ஓடுகிறது. எல்லோரும் குறை சொல்வது யாரை? ஃபைபர்காரரைத்தான்.

முதல் சோதனை சுலபம். டெர்மினலைத் திறந்து, பெயர் எதுவும் இல்லாமல் வெறும் எண்ணுக்கு ஒரு பிங் அனுப்ப வேண்டும். 8.8.8.8 எல்லோருக்கும் மனப்பாடம், 2009 டிசம்பரில் கூகுள் தொடங்கிய பொது ரிசால்வரின் (பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் சர்வரின்) முகவரி அது. பதில் வருகிறது என்றால் கம்பியும் ரூட்டரும் வெளியே போகும் வழியும் சரியாக இருக்கின்றன. உடனே ஒரு பெயருக்குப் பிங் அனுப்பிப் பார்க்க வேண்டும். அது தோற்றால், பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் சிக்கல். புகாரில் இருந்த முரணும் இத்தோடு தீர்ந்தது: நெட் உண்மையிலேயே இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த வீடியோவுக்கு எண் முன்பே தெரியும், அதனால் அது நிற்கவில்லை.

பெயரை எண்ணாக மாற்றும் அந்த ஏற்பாட்டின் பெயர் டி.என்.எஸ். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இதற்கு ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், மற்ற எல்லோரும் பட்டியலை மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகியபோது இது தாங்கவில்லை. 1983-இல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் பட்டியலைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தந்தத் துண்டை அதன் உரிமையாளரிடமே விட்டுவிடும் ஒரு வடிவத்தை எழுதினார். இன்று நாம் பயன்படுத்தும் வரையறை 1987 நவம்பரில் வெளியானது. இத்தனை வருடத்தில் அதன் எலும்புக்கூடு மாறவே இல்லை.

ஓசூரின் அஞ்சல் குறியீடு 635109. முதல் இலக்கம் நாட்டின் ஒரு பெரிய மண்டலத்தைச் சொல்கிறது, அடுத்தவை பகுதியைக் குறுக்குகின்றன, கடைசி மூன்றும் அஞ்சலகத்தில் கொண்டுபோய் விடுகின்றன. டி.என்.எஸ். பெயரும் இப்படித்தான் குறுகுகிறது, ஆனால் வலமிருந்து இடமாக. பட்டா பார்க்கப் போகும் அரசுத் தளத்தின் பெயர் ‘டிஎன்.ஜிஓவி.இன்’ என்று முடிகிறது. ரிசால்வர் முதலில் உலகின் ரூட் சர்வர்களில் ஒன்றிடம் ‘இன்’ யாரிடம் இருக்கிறது என்று கேட்கும். ‘இன்’ சர்வர் அடுத்த கைக்கு அனுப்பும். அது அதற்கடுத்த கைக்கு. கடைசியில் தமிழ்நாடு அரசின் பெயர்களை வைத்திருக்கும் சர்வரிடமிருந்து எண் வரும். ரூட் சர்வர்களுக்கு 13 பெயர்கள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் நகல்கள். அதில் எஃப் சர்வரின் நகல் ஒன்று 2005-இல் சென்னைக்கே வந்தது.

வெளியே நடக்கும் இந்தப் பயணம் பெரிதாகத் தெரிந்தாலும், அது பழுதாவது அபூர்வம். வீட்டு லினக்ஸில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி, கேள்வி கணினியை விட்டு வெளியேறும் முன்பே நடந்துவிடுகிறது. அதனால் உள்ளே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிரவுசர் ஒரு பெயரைக் கேட்டதும் லினக்ஸின் சி நூலகம் முதலில் ‘என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்’ என்ற கோப்பைப் பார்க்கிறது. யாரிடம், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பொதுவாக முதலில் வருவது ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற உள்ளூர்க் கோப்பு. அர்ப்பாநெட்டின் அந்தப் பழைய பட்டியலுடைய வாரிசு இது, இன்னமும் ஒவ்வொரு கணினியிலும் உயிரோடு இருக்கிறது. யாராவது எப்போதோ அதில் ஒரு வரி சேர்த்திருந்தால், உலகத்தின் டி.என்.எஸ். முழுவதும் வேறு சொன்னாலும் இந்த வரிதான் செல்லும். அடுத்துதான் டி.என்.எஸ். கேட்கப்படும், எந்த முகவரியில் கேட்பது என்பதை ‘ரிசால்வ்.கான்ஃப்’ என்ற கோப்பு சொல்லும்.

பழைய கட்டுரைகள் எல்லாம் இந்தக் கோப்பைத் திறந்து 8.8.8.8 என்று எழுதச் சொல்லும். எழுதினால் உடனே வேலை செய்யும். கணினியை அணைத்துப் போட்டால் எழுதியது காணாமல் போயிருக்கும். இதைக் கண்டு எரிச்சலாகாத லினக்ஸ் பயனாளர் இருக்க முடியாது. காரணம், இந்தக் கோப்பின் சொந்தக்காரர் காலத்துக்குக் காலம் மாறிவிட்டார். டெபியன் வகையில், ரூட்டர் சொல்லும் ரிசால்வர் முகவரியை நெட்வொர்க்மேனேஜர் நேராக இதில் எழுதும். உபுண்டு 2012-இல் நடுவில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு நிரலை வைத்தது. இப்போதைய உபுண்டுவிலும் மின்ட்டிலும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை இருக்கிறது. அங்கே ரிசால்வ்.கான்ஃப் என்பது வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு மட்டுமே, திறந்து பார்த்தால் 127.0.0.53 என்ற முகவரி தெரியும். 127-இல் தொடங்குவதெல்லாம் இதே கணினியைக் குறிக்கும் எண்கள். அதாவது கோப்பு சொல்வது: “வெளியே போகாதே, உள்ளேயே ஒருவர் இருக்கிறார், அவரைக் கேள்.” அவர் வெளியே யாரைக் கேட்கிறார் என்பது இந்தக் கோப்பில் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று தட்ட வேண்டும். வைஃபைக்கு ஒன்று, யூ.எஸ்.பி. இணைப்புக்கு ஒன்று என ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகப் பட்டியல் வரும்.

இப்போது தங்கையின் கணினிக்கு வருவோம். ஹாட்ஸ்பாட் காலத்தில் பெயர் ஏதோ ஒரு முறை தகராறு செய்திருக்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டு ரிசால்வ்.கான்ஃப் என்ற அந்த இணைப்பை அழித்துவிட்டு, அதே பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்றை எழுதியிருக்கிறார்கள். அதில் போட்ட முகவரி 192.168.43.1. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் ஹாட்ஸ்பாட் போடும்போது தமக்கு வைத்துக்கொள்ளும் எண் அது. எழுதியது மறுபடி அழியக் கூடாது என்று ‘சிஎச்அட்டர்’ கட்டளையால் பூட்டியும் விட்டார்கள். அப்படிப் பூட்டிய கோப்பை ரூட் பயனாளரே நினைத்தாலும் பூட்டை எடுக்காமல் மாற்ற முடியாது. நெட்வொர்க்மேனேஜர் புது முகவரியோடு வந்து பார்த்துவிட்டு, எழுத முடியாமல் பேசாமல் போய்விடுகிறது. அண்ணனின் போன் இருக்கும்வரை 43.1 பதில் சொல்லும். ஃபைபரில் அந்த எண்ணுக்கு யாருமே இல்லை. அம்மாவின் போன் தன் ரிசால்வரை ரூட்டரிடமே கேட்டுக்கொள்வதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பூட்டை எடுத்து, கோப்பை அழித்து, பழைய இணைப்பை மறுபடி போட்டால் வேலை முடிந்தது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க வழி என்ன? என் பரிந்துரை ஒன்றுதான்: எதையும் மாற்றுவதற்கு முன்னால், பதில் சொன்னது யார், அல்லது சொல்லாமல் இருப்பது யார் என்று பார்க்க வேண்டும். ‘டிக்’ என்ற கட்டளை இதற்காகவே உள்ளது. அது தரும் பதிலின் கீழே, எந்த சர்வர் பதில் தந்தது, எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று இரண்டும் இருக்கும். முதலில் சும்மா கேட்க வேண்டும், பிறகு ரூட்டரிடம் நேராக, பிறகு 8.8.8.8-இடம் நேராக. எந்தக் கையில் பதில் நின்றுபோகிறது என்பது மூன்று வரியில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: டிக், ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதே இல்லை, நேராக டி.என்.எஸ்.ஸிடம் போய்விடும். அதனால் டிக்கில் ஒரு எண்ணும் பிரவுசரில் வேறு எண்ணும் வரலாம். மற்ற நிரல்கள் போகும் அதே பாதையில் போய்ப் பார்க்க ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ என்று கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு சொன்னால், கோளாறு பெரும்பாலும் இணையத்தில் இல்லை, அந்தக் கணினியின் கோப்புகளில்தான்.

கடிகாரம் பார்ப்பதும் உதவும். சி நூலகம் ஒரு ரிசால்வரிடம் கேட்டுவிட்டு 5 விநாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவர். பட்டியலில் மூன்று பேருக்கு மேல் எழுதினாலும் நான்காமவரைக் கண்டுகொள்ளாது. முதல் முகவரி செத்துப்போயிருந்தால், ஒவ்வொரு புதுப் பெயருக்கும் அதே 5 விநாடி தாமதம். முன்பு பதில் சொல்லாதவர் என்று அது நினைவில் வைப்பதில்லை. சிஸ்டம்டி-ரிசால்வ்டு அப்படி இல்லை, ஒருமுறை அடுத்தவரிடம் மாறிவிட்டால் அவரிடமே நிற்கும். ஆகவே தாமதம் எப்போதும் இருந்தால் ஒரு கதை, ஆரம்பத்தில் மட்டும் இருந்தால் வேறு கதை. எல்லா ரிசால்வர்களும் நலமாக இருந்தும் 5 விநாடி தாமதம் வருவதும் உண்டு. பழைய முறை முகவரி, புதிய ஐ.பி.வி.6 முகவரி இரண்டையும் நூலகம் ஒரே போர்ட்டிலிருந்து ஒரே நேரத்தில் கேட்கும், சில மலிவு ரூட்டர்கள் இரண்டாவது பதிலைத் தொலைத்துவிடும். ‘சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓப்பன்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், பதில் தொலையும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இதுவரை சொன்ன எதுவும் இல்லை. அது பேட்டரியில் தொடங்குகிறது.

ஓசூர் என்றதும் நினைவுக்கு வரும் தொழிற்சாலைகளில் ஒன்று 1980-களில் வந்த டைட்டன் கைக்கடிகார ஆலை. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் துடிக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண் அது, பாதி பாதியாக வகுத்துக்கொண்டே போனால் சரியாக விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அதே படிகம்தான் மடிக்கணினியின் உள்ளேயும் நேரத்தைக் காக்கிறது. கணினி அணைந்திருக்கும்போது அதற்கு மின்சாரம் தருவது 3 வோல்ட் நாணய பேட்டரி. பத்து வருடம் பழகிய மடிக்கணினியில் அது செத்திருக்கும், பெரிய பேட்டரியும் போயிருக்கும். அலமாரியில் ஆறு மாதம் கிடந்துவிட்டு எழும்போது, நாள் எது என்று கணினிக்குத் தெரியாது.

நாள் தெரியாததற்கும் பெயருக்கும் என்ன தொடர்பு? டி.என்.எஸ். பதில்கள் வழியில் மாற்றப்படாமல் இருக்க, அவற்றில் டிஜிட்டல் கையொப்பம் இடும் டி.என்.எஸ்.செக் என்ற முறை இருக்கிறது. 2008-இல் டான் காமின்ஸ்கி, பொய்ப் பதிலை ரிசால்வரின் நினைவில் நுழைப்பது எவ்வளவு சுலபம் என்று காட்டி உலகை உலுக்கினார். 2010 ஜூலையில் ரூட்டிலும் கையொப்பம் வந்தது. ஒவ்வொரு கையொப்பத்திலும் தொடக்க நாளும் முடிவு நாளும் எழுதியிருக்கும், இடையில் உள்ள காலம் பெரும்பாலும் சில வாரங்கள்தான். கணினியின் கடிகாரம் போன பங்குனியில் நிற்கிறது, கையொப்பமோ இந்தப் புரட்டாசியில் தொடங்குகிறது. சரிபார்க்கும் ரிசால்வர் என்ன செய்யும்? இது இன்னும் செல்லுபடியாகாத கையொப்பம் என்று பதிலைத் தூக்கி எறியும். சரியான நேரத்தை இணையத்தில் கேட்டு வாங்கலாமே என்றால், நேர சர்வருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் தெரிய நேரம் வேண்டும், நேரம் தெரியப் பெயர் வேண்டும்.

இந்தச் சுழலை லினக்ஸ் எழுதியவர்கள் அறிந்தே இருக்கிறார்கள். சிஸ்டம்டியின் நேர சேவை, கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பின் தேதியாக விட்டுவைத்துப் போகிறது. எழுந்ததும் குறைந்தபட்சம் அந்த நாளுக்காவது கடிகாரத்தைத் தள்ளும். தன் நேர சர்வரின் பெயரைத் தேடும்போது மட்டும் கையொப்பச் சரிபார்ப்பு வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறது. உபுண்டுவில் இந்தச் சரிபார்ப்பு இயல்பாகவே அணைந்துதான் வருகிறது. பாதுகாப்புக்காக அதை ஆர்வத்தோடு இயக்கியவர்களும், மறைகுறியாக்கத்தோடு மட்டுமே டி.என்.எஸ். பேச வேண்டும் என்று கட்டாயம் வைத்தவர்களும்தான் மாட்டுவார்கள். மறைகுறியாக்கத்துக்கு வேண்டிய சான்றிதழிலும் தேதி இருக்கிறதே. அம்மாவின் போனைப் பார்த்து நாளையும் மணியையும் கையால் தட்டிவிட்டால் எல்லாம் ஒரே நொடியில் திறந்துகொள்ளும். கூடவே ஒரு புது நாணய பேட்டரி.

பதில்கள் நினைவில் தங்குவதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலும் எத்தனை விநாடி செல்லும் என்ற எண்ணோடு வரும், அதுவரை நடுவில் இருக்கும் எல்லோரும் அதை வைத்திருப்பார்கள். ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்ற பதிலும் 1998-இல் வந்த விதிப்படி அப்படியே சேமிக்கப்படும். தளம் திறக்கும் முன்பே ஆவலில் ஒருமுறை தட்டிப் பார்த்தவருக்கு, திறந்த பிறகும் கொஞ்ச நேரம் ‘இல்லை’ என்றே வருவது இதனால்தான். கணினியின் நினைவை ‘ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்’ அழிக்கும், ரூட்டரின் நினைவை அணைத்துப் போட்டு அழிக்கலாம், அதற்கு மேலே இருப்பவர்களுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

எந்த ரிசால்வர் நல்லது என்ற கேள்விக்கு அஞ்செட்டியில் இருந்தபடி ஒரு கணக்குப் போடலாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அஞ்செட்டியிலிருந்து நேர்கோட்டில் பெங்களூரு சுமார் 70 கிலோமீட்டர், சென்னை 300, மும்பை 900, சிங்கப்பூர் 3,100. போய்த் திரும்ப, ஒளிக்கு மட்டுமே சென்னைக்கு 3 மில்லிவிநாடி, மும்பைக்கு 9, சிங்கப்பூருக்கு 31. இழை நேர்கோட்டில் போகாது, நடுவில் கருவிகளும் உண்டு, ஆக உண்மையில் இதைவிடக் கூடும். டிக் காட்டும் எண்ணை இதோடு ஒப்பிட்டால், பதில் எவ்வளவு தூரத்துக்கு அப்பாலிருந்து வந்திருக்கவே முடியாது என்று சொல்லிவிடலாம். 5 மில்லிவிநாடியில் வந்த பதில் சிங்கப்பூரிலிருந்து வந்ததல்ல.

தூரம் இன்னொரு விதத்திலும் கணக்கில் வரும். பெரிய வீடியோ தளங்கள், கேள்வி எந்த ரிசால்வரிடமிருந்து வந்தது என்று பார்த்து, அதற்குப் பக்கத்தில் இருக்கும் சர்வரின் எண்ணைத் தரும். எல்லையோர ஊருக்குப் பெங்களூரு கூப்பிடு தூரம், ஆனால் ரிசால்வர் மும்பையில் இருந்தால் வீடியோவும் மும்பையிலிருந்து வரக்கூடும். கூகுளின் 8.8.8.8 கேட்டவரின் முகவரியில் ஒரு பகுதியை இதற்காகக் கூடவே அனுப்புகிறது. 2018 ஏப்ரல் 1 அன்று வந்த கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, தனியுரிமையைக் கருதி அப்படி அனுப்புவதில்லை. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இணைப்பு கொடுப்பவரின் ரிசால்வர் ஒழுங்காக ஓடினால் அதையே வைத்துக்கொள்வது பெரும்பாலும் மோசமில்லை என்பேன், பொது ரிசால்வருக்கு மாறியே ஆக வேண்டும் என்பது கட்டுரைகள் பரப்பிய பழக்கம்.

இத்தனையும் பார்த்து, டிக்கும் கெட்என்ட்டும் ஒரே பதிலைத் தந்து, பிரவுசர் மட்டும் வேறு வழியில் போனால் பிரவுசரின் அமைப்புகளைத் திறக்க வேண்டும். 2018-இல் தரப்படுத்தப்பட்ட ஒரு முறைப்படி, ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் டி.என்.எஸ். கேள்வியை சாதாரண இணையப் பக்கத்துக்கான போக்குவரத்துக்குள் வைத்து, தாமே தேர்ந்த ரிசால்வருக்கு அனுப்ப முடியும். அப்போது என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப், ரிசால்வ்.கான்ஃப், 127.0.0.53 எதையும் அவை கேட்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியின் அடியில் ‘டி.என்.எஸ். ஓவர் எச்.டி.டி.பி.எஸ்.’ என்ற தலைப்பில் அது இருக்கிறது. அதை அணைத்துவிட்டு அதே பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தால், கோளாறு பிரவுசருடையதா கணினியுடையதா என்பது தெரிந்துவிடும்.